குழாய்க்குக் காட்டிய கற்பூரம்

சிராங்கூன் ரோட்டில் என்னை "வராத தீக்கு மணி அடிக்கிறவன்" என்பார்கள். எனக்கு மூக்கின்மேல் கோபம். சொன்னவனை நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்காமல் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஆனால் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் உத்தியோகமே அதுதான்.

அப்போது பட்டணத்துப் பெரிய கடைகளில் உத்தரத்தை ஒட்டி இரும்புக் குழாய் ஓட்டி, அதில் அங்கங்கே பித்தளை வாய்கள் பொருத்தும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை ஸ்பிரிங்க்ளர் என்றார்கள். நாங்கள் மழைக்குழாய் என்போம். மாடிக்கு மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து வந்த தண்ணீர் எந்நேரமும் குழாய்க்குள் காத்திருக்கும். ஒவ்வொரு வாயையும் ஒரு சின்ன மூடி அடைத்திருக்கும். மூடியைப் பிடித்திருப்பது ஒரு சொட்டு ஈயப்பற்று, அவ்வளவுதான். கீழே தீப்பிடித்து அனல் மேலே ஏறினால் ஈயம் இளகும், மூடி விழும், தண்ணீர் குடை விரித்ததுபோல் கொட்டும். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் அந்த ஓட்டமே வெளிச்சுவரில் இருக்கும் வெண்கல மணியைச் சுத்தியலால் அடிக்கும். மணி அடிக்க ஆள் வேண்டாம்.

இதைப் பொருத்தியது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. வாரத்துக்கு ஒருமுறை கடை கடையாகப் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பெரிய வால்வுக்குப் பக்கத்தில் சோதனைக்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் பின்பக்கச் சாக்கடைக்கு ஓடும், மணி அலறும். அலறினால் எல்லாம் சரி என்று அர்த்தம். பிறகு அதை மூடிவிட்டு, பெரிய வால்வை யாரும் தெரியாமல் அடைத்துவிடாதபடி தோல்வாரால் கட்டிப் பூட்டு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவேன்.

எனக்கு இந்த வேலை ரொம்பவும் பிடித்திருந்தது. பட்டப்பகலில் நடுக்கடைத்தெருவில் இத்தனை சத்தம் போட்டுவிட்டு அதற்குச் சம்பளமும் வாங்க வேறு எந்த வேலையில் முடியும்? பட்டணத்துக் கடைகளில் மணி அடித்ததும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கையிலிருந்த குடையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவன்போல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நம்மவர் கடைகளில் மழைக்குழாய் வைத்த முதல் கடை சிராங்கூன் ரோட்டில் ஒரு நாகூர்க்காரரின் ஜவுளிக்கடை. காப்புறுதிக் கம்பெனி வற்புறுத்தியதால் வைத்தார் என்று சிலர் சொன்னார்கள். எங்கோ ஒரு கிடங்கு எரிந்ததைப் பார்த்துப் பயந்து வைத்தார் என்று சிலர். அவரையே கேட்டால், கடைக்குள் மழை பெய்வதைப் பார்க்க ஆசை என்று சிரிப்பார். முதல் வாரம் நான் மணியை அடிக்கவிட்டபோது மாட்டு வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, ரிக்‌ஷாக்காரர்கள் சவாரியை இறக்கிவிட்டு ஓடினார்கள். இரண்டாம் வாரம் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் பால்காரர்கள் அந்த மணியைக் கேட்டு மாடுகளைத் தண்ணிக்கு ஓட்டிப்போக ஆரம்பித்தார்கள். தீக்கு வைத்த மணி எருமைக்குப் பயன்பட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தக் கடையின் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மகள் இருந்தாள். அவர்கள் வீடு கடைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. நான் சோதனைத் தண்ணீரைத் திறந்துவிடும்போதெல்லாம் அவள் சாக்கடை ஓரம் குடங்களோடு நிற்பாள். வீணாய்ப் போகிற தண்ணீரைப் பிடித்து முருங்கைக்கும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்வாள். முதலில் கலங்கலாய் வருவதைப் போகவிட்டுத் தெளிந்த பிறகுதான் குடத்தை நீட்டுவாள். ஒரு நாள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "குடம் நிறையறதுக்குள்ள மூடிடுறீங்க. இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து மணி இரண்டு குடம் நிறையும்வரை அடித்தது. பிறகு மூன்று குடம். எதிர்க்கடைப் பிரம்பு வியாபாரி, ஒரு சீனர், வாசலுக்கு வந்து இன்று நிஜமாகவே தீயா என்று மலாயில் கேட்டார். முழுச்சோதனை என்று சொன்னேன்.

நான் என் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது. வெற்றிலை பாக்கோடு போய்ப் பெண் கேட்டாள். எங்கள் பக்கத்து மனிதர்கள்தான், தஞ்சாவூர் ஜில்லாதான், மறுக்க ஒன்றுமில்லை என்று தைரியமாகப் போனவள் தொங்கிய முகத்தோடு வந்தாள். பையன் நல்லவன், வேலைதான் பிடிபடவில்லை என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். அடுத்த சோதனைக்குப் போனபோது அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்காத முகம். மேலே இருந்த பித்தளை வாயைக் காட்டினார்.

"தம்பி, இது தொறந்து நீ பாத்திருக்கியா?"

இல்லை என்றேன். மணியைச் சோதிக்கலாம், வால்வைச் சோதிக்கலாம். அந்த வாயை மட்டும் சோதிக்க முடியாது. திறந்தால் கடை நனையும். என் பொறுப்பில் இருந்த கடை எதிலும் அதுவரை தீப்பிடித்ததும் இல்லை.

"நீயே பாக்காத ஒண்ணுக்கு நீ காவலா? நாளைக்குத் துரை இதெல்லாம் வேணாம்னு கழட்டிட்டா எம் பொண்ணுக்கு என்ன வழி?" என்றார். சரஸ்வதி பூஜை முடியட்டும், அன்றைக்கே ஒரு முடிவு சொல்கிறேன் என்றும் சொன்னார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கேட்டது நானும் தனியாக இருக்கும்போது என்னைக் கேட்டுக்கொண்டதுதான். பூஜை வரையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மீன் குழம்பு வைத்தும் இறங்கவில்லை என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகூர்க்காரர் கடையில் ஆயுத பூஜை எப்போதும் விமரிசையாக நடக்கும். முதலாளி இஸ்லாமியர், ஆனால் கடைச் சிப்பந்திகள் பாதிப்பேர் நம்மவர்கள். அவர் அப்பா காலத்திலிருந்து நடப்பதை நிறுத்தக் கூடாது என்று பொரிகடலை, வாழைப்பழம் எல்லாம் அவரே வாங்கித் தருவார். பூஜை நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அந்த வருஷம் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அலமாரிகளில் சேலைகள் உத்தரத்தை எட்டும் அளவுக்கு அடுக்கியிருந்தன.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் கஜக்கோல், தராசு, கத்திரிக்கோல்கள், கத்திகள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. பெரிய வால்வின் பூட்டுச் சாவியும் கடைக் கருவிதான் என்று கணக்கப்பிள்ளை அதையும் வைத்துப் பூவால் மூடிவிட்டார். அன்றைக்குப் படத்தின்முன் வைத்த எதையும் மறுநாள் வரை எடுக்கக் கூடாது, எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழைக்குழாய்க்கும் பொட்டு வைக்க வேண்டும் என்றார். குழாயில் வையுங்கள், பித்தளை வாயில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினார்.

அக்காவும் வந்திருந்தாள். கணக்கப்பிள்ளையின் மனைவியும் மகளும் பொரித் தட்டுகளோடு ஓரமாக நின்றார்கள். பூஜை நன்றாகவே நடந்தது. கணக்கப்பிள்ளை கற்பூரத்தைத் தட்டில் குவித்துக் கொளுத்தினார். படத்துக்குக் காட்டினார், தராசுக்குக் காட்டினார், கல்லாவுக்குக் காட்டினார். பிறகு, மேல் அலமாரிக்கு ஏறும் ஏணியில் தட்டோடு ஏறினார். நான் ஐயா என்று கூப்பிடுவதற்குள் தன் மேஜைக்கு நேர் மேலே இருந்த பித்தளை வாய்க்குப் பக்தியோடு ஆரத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டார். மற்றதற்கெல்லாம் சீக்கிரமாகக் காட்டியவர் இதற்கு மட்டும் நின்று நிதானமாகக் காட்டினார்.

டக்கென்று ஒரு சத்தம். மூடி அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. முதலில் மாதக்கணக்காய்க் குழாய்க்குள் கிடந்த கறுப்புத் தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. கற்பூரம் அணைந்தது. பிறகு தெளிந்த தண்ணீர் நாலு பக்கமும் குடையாய் விரிந்து அலமாரிகள்மேல் அடித்தது. வெளியே மணி அலறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் கும்பிட்ட சாமி நேரில் வந்தால் யார்தான் ஓடுவார்கள்? சொன்னபடியே ஈயம் இளகியது, சொன்னபடியே மூடி விழுந்தது, சொன்னபடியே மணியும் அடித்தது. மேலெல்லாம் நனைந்துகொண்டு நான் சிரித்தேன். "வால்வு!" என்று அந்தப் பெண் கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

வால்வுக்குப் போனால் பூட்டு. சாவி படத்தின்முன். வாரை அறுக்கலாம் என்றால் கத்தியும் கத்திரிக்கோலும் எல்லாமே படத்தின்முன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தாயே மன்னித்துக்கொள் என்று பூவுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். பின்னால் யாரோ ஐயையோ என்றார்கள். ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து வால்வை அடைத்தேன். மழை நின்றது. மணியும் நின்றது.

வெளியே வந்து பார்த்தால் தெரு அடங்கலும் கடை வாசலில் நின்றது. தீ என்று ஓடியவர் ஒருவர்கூட இல்லை. பூஜை நாளில் இத்தனை நேரம் மணி அடித்தால் தீபாராதனை என்றுதானே அர்த்தம்? பால்காரர்கள், வண்டிக்காரர்கள், பிரம்புக்கடைச் சீனர் எல்லோரும் பொரிக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சொட்டச் சொட்ட நின்ற சேலைகளைப் பார்த்தார், அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"இத்தனை நாளா மேல பாத்துப் பாத்துக் கழுத்துதான் வலிச்சுச்சு. இன்னைக்கித்தான் பெஞ்சிருக்கு" என்றார். பிறகு வாசலில் நின்றவர்களிடம், பொரி வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு சேலையைத் தூக்குங்கள் என்று உத்தரவு போட்டார்.

பக்கத்தில்தான் குதிரைப் பந்தயத் திடல். இன்று ஃபேரர் பார்க் என்கிறோமே, அந்த இடம். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. திடலின் ஓரத்துப் புல்லில் பச்சையும் சிவப்பும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகள் விரிந்தன. பால்காரர் ஒரு நுனி, பிரம்புக்கடைக்காரர் மறு நுனி. குதிரைகள் மிரளும் என்று விரட்ட வந்த குதிரைக்காரர்களும் பொரியை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு நுனியைப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஈரச் சேலையில் சாயம் நிற்கிறதா ஓடுகிறதா என்பதைக் கடையில் எந்தக் கணக்கப்பிள்ளையும் காட்ட மாட்டான். இங்கே கண்ணெதிரே தெரிந்தது. சாயம் நின்ற சேலைகளைப் புல்லிலிருந்தே பிடுங்கிக்கொண்டு விலை பேசினார்கள். முதலாளி இத்தனை சீக்கிரம் தீபாவளி வியாபாரம் பார்த்ததில்லை என்று அங்குமிங்கும் ஓடினார்.

என் அக்கா மட்டும் வெளுத்துப்போய் நின்றாள். கணக்கப்பிள்ளையின் மனைவி கன்னத்தில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சுற்றியிருந்த பெண்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். ஆரத்தி அணைந்தது அபசகுனம். பெரியவர் தலையில் கறுப்புத் தண்ணீர் விழுந்தது அபசகுனம். ஓய்வு நாளில் கருவி வேலை செய்தது, படத்தின்முன் வைத்த சாவியைக் கைவிட்டு எடுத்தது, எல்லாமே அபசகுனம். இன்றைக்குப் பார்த்து இது நடந்தால் அந்தச் சம்பந்தம் எப்படி விளங்கும்? கணக்கப்பிள்ளை தூரத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வா வீட்டுக்குப் போகலாம் என்று அக்காவை இழுத்தேன்.

அப்போது அந்தப் பெண் காய்ந்த சேலை ஒன்றை எடுத்து ஒரு நுனியை என் கையில் கொடுத்தாள். மறு நுனியோடு பின்னால் நடந்து இழுத்துப் பிடித்தாள். அங்கிருந்தபடியே அந்தப் பெண்களைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"தீயைக் காட்டினா தண்ணி ஊத்துறதுதான் அதோட வேலை. அப்பா தீயைக் காட்டினாரு, அது ஊத்துச்சு. சொன்ன வேலையச் செஞ்சதுக்குப் பேரு அபசகுனமா?"

சேலையை மடிக்க இரண்டு பேரும் எதிரெதிராக நடந்து வந்தோம். நுனிகள் சேர்ந்தபோது, இப்போது கடைக்கு என்ன காவல் என்று மெல்லக் கேட்டாள். வேறு எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்க மாட்டாள். வால்வை அடைத்துவிட்டேன், குழாயையும் வடித்துவிட்டேன், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றேன். புது வாய் பட்டணத்திலிருந்து வந்து பொருத்தும்வரை வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு ஆள் நிற்க வேண்டும், அதுதான் விதி என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சேலையை வாங்கிக்கொண்டு போனாள்.

பாதியில் நின்ற பூஜையை முடிக்காமல் கல்லாவைத் திறக்கக் கூடாது என்று முதலாளியே சொல்லிவிட்டார். எல்லோரும் மறுபடி கடைக்குள் கூடினோம். தரை இன்னும் ஈரம். கணக்கப்பிள்ளை வேறு வேட்டி கட்டிப் புதிதாகத் திருநீறு பூசியிருந்தார். தட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். படத்துக்குக் காட்டினார். தராசுக்கும் கல்லாவுக்கும் மறுபடி காட்டினார். ஏணியில் ஒரு காலை வைத்தார். அண்ணாந்து பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

எரிகிற தட்டோடு என் எதிரே வந்து நின்றார்.

"நீங்க காட்டுங்க மாப்பிள்ளை. எம்புட்டுத் தள்ளி நின்னு காட்டணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

அக்கா குலவையிட்டாள். அவள் குலவையிட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை. தட்டை வாங்கிக்கொண்டேன். ஏணியில் ஏறாமல், தரையில் நின்றபடியே, மிகவும் பயபக்தியோடு, எட்டாத உயரத்தில் இருந்த அந்தக் குழாய்க்குக் கற்பூரம் காட்டினேன். கணக்கப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் அளந்து பார்த்தார். சரியான தூரம்தான் என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்வதும் காதில் விழுந்தது.

குழாயில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பது அந்தக் கடையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான், தட்டோடு நின்றேன். இன்னொருத்தி கதவோரம் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவிடம் அதை இன்றுவரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.